கல்வராயனுக்குச் சுருள்பாசி: எவ்வளவு நம்பலாம்?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதே மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலை மக்கள் எதைத் தின்று, எதை விற்று வாழ்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தலைநகருக்கு எட்டியது. அவர்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி, மாற்றுத் தொழில் என்று பேச்சு விரிந்தது.

மாற்றுத் தொழில் என்றாலே நம் ஊரில் வாசிக்கப்படும் பட்டியல் ஒன்று உண்டு: தேனீ, காளான், மண்புழு உரம், சுருள்பாசி. இவற்றில் ஸ்பைருலினா என்று கடைகளில் விற்கும் சுருள்பாசி இரட்டை வாக்குறுதியோடு வருகிறது. வளர்ப்பவருக்கு வருமானம், உண்பவருக்குச் சத்து. வறுமையும் ரத்தசோகையும் ஒரே வீட்டில் குடியிருக்கும் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறென்ன என்று தோன்றும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் இதைக் கையில் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மலையடிவாரச் சமவெளியில் வளர்க்க வேண்டும். உணவுக்குத் துணையாகச் சிட்டிகை அளவில் சேர்க்க வேண்டும். விளைந்ததை அரசுத் திட்டங்களே வாங்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கடன் வாங்கித் தொட்டி கட்டிய பெண்கள்தான் நஷ்டப்படுவார்கள்.

வெயிலில் விளையும் பொடி

நுண்பாசிகள் நீரில் மிதந்தபடி சூரிய ஒளியைக் கொண்டு வளரும் நுண்ணுயிர்கள். அவற்றின் எண்ணற்ற வகைகளில் மனிதர்கள் உணவாகக் கொள்பவை மிகச் சில. குளோரெல்லா அவற்றில் ஒன்று. அதன் செல் சுவர் தடிப்பானது. இயந்திரத்தில் உடைத்தால்தான் உள்ளிருக்கும் சத்து நமக்குக் கிடைக்கும். சுருள்பாசிக்கு அப்படிப்பட்ட கெட்டிச் சுவர் இல்லை. காயவைத்துப் பொடித்தாலே செரிக்கும். கிராமத்துப் பெண்கள் கையாளக்கூடிய பயிராக அது ஆனதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம், அது விரும்பும் தண்ணீர். சமையல் சோடாவும் உப்பும் கரைத்த, காரத்தன்மை மிகுந்த நீரில் சுருள்பாசி செழிக்கும். அந்த நீரில் மற்றப் பாசிகளும் பெரும்பாலான கிருமிகளும் பிழைப்பது கடினம். அறுவடைக்கு நெருக்கமாக நெய்த துணி போதும். வடித்த பச்சைக் குழம்பைப் பிழிந்து, இடியாப்பம் போல நூலாக்கி, வெயில் உலர்த்தியில் காயவைத்து அரைத்தால் பொடி. வடிந்த நீர் திரும்பவும் தொட்டிக்கே போகும். விளைநிலம் தேவையில்லை, கல்லும் சரளையுமான புறம்போக்கிலும் தொட்டி கட்டலாம். இந்த உணவு சூழலுக்கு உகந்தது என்று சொல்லப்படுவதன் பொருள் இவ்வளவே.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை ஒட்டிய கானெம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக இந்தப் பாசியை அள்ளி, மணலில் காயவைத்து, 'திஹே' என்ற வில்லைகளாக்கிக் குழம்பில் சேர்க்கிறார்கள். மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியிலிருந்து ஆஸ்டெக் மக்கள் எடுத்து உண்டதை ஸ்பானியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைய உணவுத் தொழிலும் நுண்பாசிகளைத் தேடி வருகிறது. சுருள்பாசியின் நீல நிறமியை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் வண்ணமாகச் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அனுமதித்தது. மீன் எண்ணெயில் கிடைக்கும் ஒமேகா கொழுப்பு, மீனுக்கே பாசியிலிருந்து வந்தது என்பதால், குழந்தைகளுக்கான பால்மாவில் இப்போது நேரடியாகப் பாசி எண்ணெயைச் சேர்க்கிறார்கள்.

மண்பானையில் தொடங்கிய வேலை

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தமாக ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை.

சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி என்ற வேதிப் பொறியாளர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து கிராமத்துக்கான தொழில்நுட்பங்களில் ஈடுபட்டிருந்தார். அந்த மையத்தின் முதன்மையான பணிகளில் ஒன்று சுருள்பாசி. வீட்டுக் கொல்லையில் மண்பானையை வைத்தே அதை வளர்க்கும் முறையை அங்கே பணியாற்றிய என்.ஜீஜி பாய் வகுத்து, 1986-இல் ஆய்வு நூலாக வெளியிட்டார். இயந்திரமோ மின்சாரமோ இல்லாத வீட்டுப் பெண்ணை மனதில் வைத்து ஓர் ஆய்வகம் வேலை செய்தது என்பதே இன்று நினைத்தாலும் மரியாதை கொள்ள வைக்கிறது.

பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தில், பள்ளி செல்லும் வயதை எட்டாத சுமார் 5,000 குழந்தைகளுக்குச் சுருள்பாசி கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெண்பகுதியில் நுரை போலப் படியும் பிட்டாட் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன என்று 1993-இல் அறிக்கை வந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும், சுருள்பாசியில் உள்ள பீட்டா கரோட்டினைக் குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்று 1991-இல் வெளியிட்டிருந்தார்கள். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே இத்துறையில் இறங்கிவிட்டது.

மதுரையில் ஆன்டெனா அறக்கட்டளை, சுருள்பாசி கலந்த கடலை மிட்டாய் வரை செய்து பார்த்தது. ஈழத்திலிருந்து வந்து முகாம்களில் தங்கியவர்களிடையே ஓஃபர் அமைப்பு இதைப் பரப்பியது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லில் சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது. ஆகவே பழகிய கைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெரிய பண்ணை இருக்கிறது. அங்கே விளைவது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்ற முயன்று பார்த்த அதே மாவட்டத்தின் பாசி இன்று பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் மாத்திரைக் குப்பியில் போய்ச் சேர்கிறது. நிறுவனம் வியாபாரம் செய்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளாக அரசின் ஊட்டச்சத்துத் திட்டங்களுக்குள் அது முறையாக நுழையவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு கிராமில் என்ன இருக்கிறது?

விளம்பரங்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். 'இறைச்சியைவிடப் பல மடங்கு புரதம்', 'கீரையைவிடப் பல மடங்கு இரும்பு' என்று பொட்டலத்தில் அச்சிடுகிறார்கள். நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று ஒப்பிட்டால் அது பொய்யும் இல்லை. உலர்ந்த சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம்தான். ஆனால் யாரும் அதை நூறு கிராம் தின்பதில்லை. குழந்தைக்குக் கொடுப்பது ஒரு கிராம், பெரியவர் எடுப்பது இரண்டு, மூன்று கிராம்.

ஒரு கிராம் பொடியில் கிடைக்கும் புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல். சத்துணவில் போடும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டைக்கு ஈடாக வேண்டுமானால் குழந்தை தினமும் பத்து கிராம் பாசிப் பொடி சாப்பிட வேண்டும். அந்த வாடையில் எந்தக் குழந்தையும் அதைச் சாப்பிடாது.

இரும்புக் கணக்கு இன்னும் முக்கியமானது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டதால் அதற்கெனத் தனி எண்கூட இல்லை. மலைக்கு எங்கே இருக்கும்? ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு கிராம் சுருள்பாசியில் இருப்பது சுமார் 0.3 மில்லிகிராம். தண்ணீரையும் உரத்தையும் பொறுத்து இது மாறும் என்றாலும், மூன்று மடங்கு இருந்தால்கூட ஒரு மில்லிகிராமை எட்டாது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். 'பாசி சாப்பிடுகிறேன், மாத்திரை வேண்டாம்' என்று ஒரு கர்ப்பிணி நினைத்துவிட்டால் அது ஆபத்து. கிராம சுகாதார செவிலியர்கள் இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

வைட்டமின் பி12 விஷயத்திலும் ஏமாற்றம்தான். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். சைவ உணவுக்காரர்கள் இதை நம்பிப் பாலையும் தயிரையும் கைவிடக் கூடாது.

அப்படியானால் எதற்கு இந்தப் பாசி? பீட்டா கரோட்டின்தான் இதன் உண்மையான பலம். ஒரு கிராமிலேயே சுமார் ஒரு மில்லிகிராம் அளவுக்கு அது இருக்கும். சிறு குழந்தையின் வைட்டமின் ஏ தேவையில் கவனிக்கத்தக்க பங்கு. புதுக்கோட்டையில் பலன் தெரிந்ததும் அதனால்தான். கீரை வாடிப்போகும் கோடையிலும் கெடாமல் இருக்கும் பொடி என்பது இன்னொரு நன்மை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் இப்போது இருக்கிறது என்றாலும், அன்றாட உணவிலிருந்தே கொஞ்சம் கிடைப்பது நல்லதுதானே. கரோட்டினும் நீல நிறமியும் நீண்ட நேரக் கொதியில் குறைந்துவிடும். அதனால் சாம்பாரில் போட்டுக் கொதிக்க விடாமல், இறக்கி ஆறிய கஞ்சியிலோ, எள்ளுருண்டை பிடிக்கும்போதோ சேர்க்க வேண்டும்.

மலையிலா, அடிவாரத்திலா?

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு நிர்வாகம் அங்கே நேரடியாகக் காலூன்றி ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. மலையாளிப் பழங்குடி மக்களின் சாமை, தினை, கேழ்வரகு நிலங்களில் மரவள்ளி பரவி, கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கு காசு தரும். தட்டில் சாமைச் சோறு இருந்த இடத்தை அது நிரப்பாது. மலையின் சத்துப் பிரச்சினையை இங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். பச்சைப் பொடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாமையை மறந்துவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

சுருள்பாசிக்குப் பிடித்த வெப்பம் 30 முதல் 37 டிகிரி. 20 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். மலைமேல் உள்ள வெள்ளிமலையின் மார்கழி, தை மாதக் குளிரும் மேகமூட்டமும் அதற்கு ஆகாது. கீழே சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்குப் பஞ்சமில்லை. தொட்டி அங்கேதான் இருக்க வேண்டும். மலைக்குத் தொட்டியைத் தூக்கிப் போய், இரண்டு குளிர்காலத்தில் வெறுந்தொட்டியாக்கி, 'பழங்குடிகளுக்கு ஆர்வமில்லை' என்று கோப்பில் எழுதும் நிலை வரக் கூடாது.

அரை சென்ட் இடத்தில், அதாவது சுமார் 20 சதுர மீட்டரில், ஒரு தொட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முழங்கை ஆழம்கூட வேண்டாம், 20 சென்டிமீட்டர் போதும். 4,000 லிட்டர் நீர் பிடிக்கும். முதல் நிரப்பலுக்கு சுமார் 32 கிலோ சமையல் சோடா, 20 கிலோ உப்பு தேவைப்படும். நன்கு நடத்தும் பண்ணைகளில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 கிராம், அதற்கு மேலும் எடுக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 5 கிராம் என்று குறைத்தே கணக்கிடுவோம். நாளுக்கு 100 கிராம் பொடி வரும். குழந்தைக்கு ஒரு கிராம் என்றால் நூறு குழந்தைகள். அரை சென்ட் நிலத்திலிருந்து, தினமும்! இந்தக் கணக்குதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

யார் வாங்குவார்கள்?

கொங்கு மண்டலத்தில் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் 2012-இல் பட்டபாடு இன்னும் மறந்திருக்காது. 'குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்பதே அன்றைய வாக்குறுதி. வாங்க வேண்டிய சந்தை இல்லாத இடத்தில் அந்த வாக்குறுதி மட்டும்தான் சரக்காக இருந்தது. சுருள்பாசியிலும் தாய்ப்பாசி விற்பவர், பயிற்சி விற்பவர், 'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்பவர் மூவரும் ஒருவராகவே இருந்தால் சுய உதவிக் குழுக்கள் ஒதுங்கிப் போவதே நல்லது.

சில்லறைச் சந்தையில் போட்டியிடுவதும் எளிதில்லை. நகரத்து வாடிக்கையாளர் பெயர்பெற்ற நிறுவனத்தின் மாத்திரையைத்தான் கேட்பார். கள்ளக்குறிச்சிப் பெண்களின் பொடிக்கு நிலையான வாங்குபவர் ஒருவர் உண்டென்றால் அது அரசு. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளுக்கான சத்துமாவை மகளிர் கூட்டுறவு சங்கங்கள் தயாரிக்கின்றன. 1982-இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சிறு மூட்டையை ஏற்றினால் போதும்.

ஏற்றுவதற்கு முன் தரம் பார்க்க வேண்டும், கறாராக. சுருள்பாசி, தான் வளரும் நீரில் உள்ள ஈயம், ஆர்சனிக், பாதரசம் போன்றவற்றை உடலில் சேர்த்துக்கொள்ளும். தொட்டியின் காரத்தன்மை குறைந்தால் நஞ்சு சுரக்கும் வேறு நீலப்பச்சைப் பாசிகள் புகுந்துவிடலாம். அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சரியாகக் காயாத பொடியில் பூஞ்சை வரும். இவற்றை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைகள் இதைத் தொடவே கூடாது. எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கடையில் வாங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாவட்ட நிர்வாகத்தின் மேசைக்கு

முதலில் பத்துத் தொட்டிகள் போதும். சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளில் கிணற்று நீரைப் பரிசோதித்து, கன உலோகங்கள் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். தொட்டிச் செலவு மானியமாக இருக்கட்டும். குழுவின் பெயரில் கடன் வேண்டாம். பயிற்சியை மதுரையிலும் ஆரோவில்லிலும் கைப்பழக்கம் உள்ளவர்களிடம் பெறலாம்.

தொட்டிக்கு முன்பே கொள்முதல் உத்தரவு கையெழுத்தாக வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை எழுதி, மாதாமாதம் பணம் போய்ச் சேரும்படி. இந்த ஒன்று இல்லையென்றால் மற்ற எதையும் தொடங்க வேண்டாம் என்பேன்.

ஒவ்வொரு மாத விளைச்சலின் மாதிரியும் சேலத்தில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே பாசி நஞ்சைச் சோதிக்கும் வசதி தேவைப்பட்டால் முதல் ஆண்டிலேயே அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். முடிவு வரும் வரை அந்த மாதப் பொடி குழந்தைகளுக்குப் போகக் கூடாது.

பொடி தனியாக மலையேறவும் வேண்டாம். கல்வராயனில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் நியாயமான விலைக்கு வாங்கி, வெள்ளிமலையிலேயே மலைப் பெண்கள் நடத்தும் அரவைக் கூடத்தில் சத்துமாவாக்கி, ஆறிய மாவில் கடைசியாகப் பாசியைக் கலக்கலாம். அப்போது சமவெளிப் பெண்ணுக்கும் மலைப் பெண்ணுக்கும் ஒரே பொட்டலத்திலிருந்து வருமானம் வரும். மரவள்ளிக்குப் போன நிலத்தில் கொஞ்சமேனும் சாமைக்குத் திரும்பும். வாடை பிடிக்காத குழந்தைகளுக்கு எள்ளுருண்டையாகவும் கடலை உருண்டையாகவும் கொடுத்துப் பார்க்கலாம். முட்டையின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பதைத் திட்ட ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் இப்போது போலவே தொடர வேண்டும்.

கடைசியாக, அளந்து பார்க்க வேண்டும். கல்வராயன் அங்கன்வாடிகளில் பாதிக்கு முதல் ஆண்டும் மீதிக்கு இரண்டாம் ஆண்டும் இந்தச் சத்துமாவைக் கொடுக்கலாம். தொடங்கும் முன்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் குழந்தைகளின் எடை, உயரம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, கண் ஆகியவற்றைப் பதிவு செய்யட்டும். முடிவு எப்படி வந்தாலும், அந்தப் பதிவு மாவட்ட இணையதளத்திலும் ஒவ்வொரு ஊராட்சியின் கிராம சபையிலும் வெளியிடப்பட வேண்டும். பலன் இல்லையென்றால் அந்தப் பணத்தை மலைக் குழந்தைகளுக்குக் கூடுதல் முட்டைக்கு மாற்றிவிடலாம்.